மஹ்பூபா திருத்திய முப்பத்தொன்றாம் பக்கம்

மஹ்பூபா தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பாஸ்கெட்பாலைக் கையால் தொட்டது கிடையாது. பரங்கிப்பேட்டையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நிக்காஹ் முடிந்து நியூஜெர்சிக்கு வந்தபோது, சாமான் டப்பாவில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் ஆங்கிலம் தெரியும். அப்படிப்பட்டவள் சொன்ன சொல்லைப் பெரிய பெரிய டீம்களின் ஆட்கள் காத்திருந்து வாங்கிப் படித்தார்கள் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். யாருக்கு எந்த வாசலைத் திறப்பது என்று படைத்தவனுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். கல்லூரியில் ஆடிய பிள்ளைகளைத் தொழில்முறை டீம்கள் முறை வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். நாடெங்கும் ஆயிரக்கணக்கில் ஆடுகிறார்கள். எடுபடுவது ஐம்பது அறுபது பேர். பெரிய கல்லூரிப் பிள்ளைகளை டீம்காரர்களே விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிடுவார்கள். பேர் தெரியாத சின்னக் கல்லூரிப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்த இடத்தில்தான் வெங்கடகிருஷ்ணன் கடை போட்டார்.

அவர் சென்னையில் இருந்த காலத்தில் பெரம்பூர் ரயில்வே மைதானத்தில் பாஸ்கெட்பால் ஆடியவர். இங்கே டெலிபோன் கம்பெனியில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, "இனிமே எனக்குப் பிடிச்சதைப் பண்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார். மான்மவுத் ஜங்ஷனில் ஒரு இந்திய மளிகைக் கடைக்கும் பல் டாக்டர் அறைக்கும் நடுவில் ஒரு கூடம். மேலே மூன்று டிஷ் ஆன்டெனா. உள்ளே சுவரோடு சுவராக எட்டு வீடியோ டெக். எங்கெங்கோ நடக்கிற கல்லூரி ஆட்டங்களை டேப்பில் பிடித்து, ஒவ்வொரு பிள்ளையும் எப்படி ஆடுகிறான் என்று குறிப்பெடுத்து, வருஷம் ஒரு புத்தகம் போட்டு டீம்களுக்கு அனுப்புவது அவர் தொழில்.

மஹ்பூபாவின் கணவர் நஜ்முதீன் அவரோடு அதே டெலிபோன் கம்பெனியில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில், டேப்புக்கு லேபிள் எழுதி ஒட்ட மஹ்பூபாவை வேலைக்கு எடுத்தார் வெங்கடகிருஷ்ணன். அதற்கு முன் அவள் ஒரு டேகேரில் ஆறு வருஷம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர்ந்த இரண்டாவது வாரம். லேபிள் ஒட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவள் சொன்னாள்.

"சார், அந்த அஞ்சாம் நம்பர் புள்ள அழுவப் போவுது."

வெங்கடகிருஷ்ணன் சிரித்தார். "ஆறடி எட்டு அங்குலம்மா அவன். எங்கேர்ந்து அழப்போறான்?"

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. அந்தப் பையனை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"எப்படிச் சொன்னீங்க?"

"பத்துப் புள்ளைய ஒரே ரூம்ல வச்சிக்கிட்டு ஆறு வருஷம் இருந்திருக்கேன் சார். எது அழும், எது அடிக்கும், எது அடிச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும், எல்லாம் காலைப் பாத்தாலே தெரிஞ்சிடும். இங்கயும் பத்துப் புள்ளைதானே ஓடுது."

வெங்கடகிருஷ்ணன் டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்தப் பையனின் காலைத் தானும் பார்த்தார். மறுநாள் லேபிள் எழுதுகிற பேனாவை வாங்கிக்கொண்டு, குறிப்பெடுக்கிற நோட்டைக் கொடுத்தார்.

அவள் வேலை செய்கிற முறை தனி. ஒரு ஆட்டத்தை மூன்று தடவை பார்ப்பாள். முதல் தடவை எல்லோரையும். இரண்டாவது தடவை அந்தப் பிள்ளை கையில் பந்து இருக்கும்போது மட்டும். மூன்றாவது தடவைதான் அவளுக்கு முக்கியம். பந்து இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பாள். சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுவாள். முதலில், வர்ணனைக்காரர் பேசுகிற வேகம் புரியாததால்தான் நிறுத்தினாள். போகப் போக அதுவே நன்மையாகிவிட்டது. வர்ணனைக்காரர் ஒருவனை ஆஹா ஓஹோ என்றால் பார்க்கிறவன் கண்ணும் அவன் பின்னாலேயே போகும். மஹ்பூபாவின் கண் யார் பின்னாலும் போகவில்லை. நோட்டில் தமிழ் எழுத்திலேயே சுருக்கமாகக் குறிப்பாள். திரும்பி ஓடினால் 'ஓ'. நின்று வேடிக்கை பார்த்தால் 'நி'. சோர்ந்துபோனால் 'சோ'. அதைப் படித்து, புள்ளிவிவரமும் சேர்த்து ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதுவது அச்சுதன் வேலை. மேல்படிப்பு முடித்த கையோடு வந்து சேர்ந்தவன், இருபத்தாறு வயது, வாய் துடுக்கு.

2001 வசந்தத்தில் எல்லோரும் கொண்டாடிய ஒரு உயரமான பையனைப் பற்றி மஹ்பூபா ஒரே ஒரு குறிப்பு எழுதினாள். 'குதிச்சு இறங்கும்போது எப்பவும் வலது கால்தான் முதல்ல படுது. இடது முட்டிய மறைக்கிறான்.' அச்சுதன் அதை நம்பாமல் நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தான். நாற்பதிலும் வலது கால். புத்தகத்தில் போட்டார்கள். கோடையில் அந்தப் பையனுக்கு இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதாகச் செய்தி வந்தது. அதிலிருந்து டீம்காரர்கள் போன் பண்ணும்போது, "அந்தக் காலைப் பார்க்கிற ஆள் இந்தப் பையனைப் பற்றி என்ன சொல்கிறார்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ஆள் முக்காடு போட்ட, நாற்பத்திரண்டு வயதுத் தமிழ்ப் பெண் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் நடந்ததை உலகமே அறியும். அதற்குப் பிறகு சில வாரம் அச்சுதன் தானாகவே காரை எடுத்துக்கொண்டு வந்து, அவளை வீட்டிலிருந்து கூட்டி வந்து திரும்பவும் கொண்டு விட்டான். "இந்தப் பக்கமாத்தான் வந்தேன் ஆன்ட்டி" என்பான். அவன் வீடு அந்தப் பக்கமே இல்லை.

நவம்பர் நடுவில் நோன்பு வந்தது. மஹ்பூபா மதியம் சாப்பிடாமல் வேலை பார்ப்பாள். நாலரை மணிக்குப் பொழுது சாய்ந்ததும் பின்பக்கம் போய்ப் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வருவாள். பெருநாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள், டிசம்பர் பதினேழு, திங்கட்கிழமை, பெரிய டப்பாவில் பிரியாணி கொண்டு வந்தாள். வெங்கடகிருஷ்ணனுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன டப்பா, காய்கறி பிரியாணி. வேறு சட்டியில், வேறு கரண்டியில் செய்தது என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் விரலைச் சப்பிக்கொண்டு, "அடுத்த பெருநாள் எப்போம்மா?" என்றார்.

பிப்ரவரியில் டெக்சாஸ் டேப்புகளின் முறை வந்தது. சின்னக் கல்லூரி. லாமண்ட் என்று ஒரு பையன், கடைசி வருஷம், ஆறடி ஐந்து அங்குலம். சீசன் தொடக்கத்து ஆட்டங்களை மஹ்பூபா எடுத்துப் பார்த்தாள். முதல் பாதியில் மான் மாதிரி ஓடுகிறான். இரண்டாம் பாதியில் கால் இழுக்கிறது, உதடு காய்ந்திருக்கிறது. டிசம்பர் ஒன்றாம் தேதி ஆட்டத்தில் இன்னொன்றும் பார்த்தாள். ஆட்டம் நிறுத்தியிருக்கும் சின்ன இடைவேளையில், மற்றவர்கள் எல்லாம் கோச்சைச் சுற்றி நிற்கும்போது, இவன் பெஞ்சின் கடைசிக்குப் போய் ஒரு பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். பிறகு தண்ணீர் குடிக்கிறான்.

அவள் நெஞ்சில் ஒரு மின்னல். நோன்பாளியோ?

டேப்பின் மூலையில் எப்போதும் மணி ஓடும். ஆறு முப்பத்திரண்டு. அவள் மேசைக்கு மேலே இன்னும் எடுக்காத பள்ளிவாசல் நோன்புக் காலண்டர். டிசம்பர் ஒன்று, பொழுது சாயும் மஃரிப் தொழுகை நாலு முப்பத்து மூன்று. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. எந்த நோன்பாளி இரண்டு மணி நேரம் கழித்துத் திறப்பான்? 'பேரைப் பாரு, லாமண்ட். எனக்குத்தான் எங்க பாத்தாலும் நோன்பு தெரியுது' என்று தன்னையே கடிந்துகொண்டு எழுதினாள்: 'சோ. இரண்டாம் பாதி முழுக்க சோ. ஆட்டத்துக்கு நடுவுல தின்பண்டம்.'

அச்சுதன் அதை அழகாக ஆங்கிலத்தில் ஆக்கினான். உடம்பைப் பேணாதவன், கவனம் இல்லாதவன், இரண்டாம் பாதியில் காணாமல் போகிறவன். புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கம்.

மார்ச் கடைசியில் புத்தகம் தயாராகி, முப்பது பிரதிகளும் சுருள் கம்பி போட்டுப் பெட்டிக்குள் இருந்தன. வெள்ளிக்கிழமை கூரியரில் போகவேண்டும்.

புதன்கிழமை மாலை. மஹ்பூபா வீட்டில் மஃரிப் தொழக் கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்தபோது போன் அடித்தது. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கும் கணவரின் தம்பி சுஃபியான். அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வான்.

"மதினி, காக்கா இருக்காங்களா?"

"இன்னும் வரலை தம்பி. மஃரிப் நேரம் போயிடும், தொழுதுட்டு நானே கூப்பிடுறேன்."

"மஃரிபா? இங்க வெயில் கொளுத்துது மதினி. அதுக்கு முந்தின அஸரே இப்பதான் தொழுதேன். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், மறந்துட்டீங்களா?"

மஹ்பூபா ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள்.

"தம்பி, டிசம்பர் ஒண்ணாந் தேதி உங்க ஊர்ல மஃரிப் எத்தனை மணிக்கு?"

"என்ன மதினி இது? நோன்பு முடிஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, இப்பப் போயி நோன்பு திறக்கிற நேரம் கேக்குறீங்க?"

"பழைய காலண்டர் இருந்தா பாரு தம்பி. சீக்கிரம்."

எதையோ புரட்டுகிற சத்தம். "அஞ்சு முப்பது."

டேப்பில் ஓடிய மணி, அதைப் பிடித்த டெக்கின் மணி, நியூஜெர்சி மணி. ஆறு முப்பத்திரண்டில் ஒரு மணி நேரத்தைக் கழித்தால் ஐந்து முப்பத்திரண்டு. பொழுது சாய்ந்து இரண்டு நிமிஷம். பையிலிருந்து எடுத்தது தின்பண்டம் இல்லை. பேரீச்சம்பழம். அந்தப் பிள்ளை வறண்ட தொண்டையோடு ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு நோன்பு திறந்திருக்கிறான். அதைத்தான் அவள் தன் கையால் எழுதி, சோம்பேறி என்று ஊருக்குச் சொல்லப் போகிறாள்.

தொழுதாள். சஜ்தாவில் தரையில் தலையை வைத்தவள் எழுந்திருக்க நேரமாயிற்று.

நஜ்முதீன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நிதானமான மனிதர். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கேட்டார்.

"சரி, சார்கிட்ட சொல்லிடு. நோன்பு வச்சிருந்தான், அதான் சோர்வுன்னு. முடிஞ்சுது."

"அது எப்படிங்க சொல்றது? அவன் யார்கிட்டயும் சொல்லலையே. பெஞ்சுக் கடைசில போயி, திரும்பி நின்னுல்ல திறக்குறான்."

நஜ்முதீன் தாடியைத் தடவினார். "அதுவும் சரிதான். இந்த நேரம் சரியில்ல புள்ள. வெள்ளிக்கிழமை ஜும்ஆ அன்னிக்குப் பள்ளி வாசல்ல போலீஸ் கார் நிக்குது. பேரைக் கேட்டாலே மூஞ்சி மாறுது. மறைச்சு வச்சிருக்கான்னா அவனுக்கு ஒரு காரணம் இருக்கும். புத்தகத்துல நீ அதைப் போட்டு, அதனாலயே எவனாவது வேணாம்னுட்டா?"

"போடலைன்னா சோம்பேறின்னு வேணாம்பாங்க."

"ஆமா," என்றார். சோபாவிலிருந்து எழுந்தபடி, "பொய்ச் சாட்சிய முதல்ல அழி. மத்ததுக்கு அல்லாஹ் வழி விடுவான்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் கடை திறந்ததும் மஹ்பூபா வெங்கடகிருஷ்ணன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், முப்பத்தொண்ணாம் பக்கத்துல நான் தப்பு பண்ணிட்டேன். அதை மாத்தணும்."

வெங்கடகிருஷ்ணன் பெட்டிகளைப் பார்த்தார். "எல்லாம் பைண்டு பண்ணியாச்சேம்மா. நாளைக்குக் கூரியர்."

"தெரியும் சார். கம்பிய நானே உருவி, நானே மாட்டுறேன். முப்பதையும்."

"என்ன தப்பு? சொல்லுங்கோ."

"அவன் சோர்ந்தது உண்மை. ஆனா உடம்பப் பேணாததால இல்ல. காரணம் எனக்குத் தெரியும். அது என்னோடது இல்ல சார், அந்தப் புள்ளையோடது. அவன் வாயால சொல்லாததை நான் சொல்லக்கூடாது."

அச்சுதன் நாற்காலியோடு உருண்டு வந்தான். "ஆன்ட்டி, ஏதாவது டிரக்ஸ் மேட்டரா?"

"வாய மூடுங்க தம்பி."

"காரணம் சொல்லாம நான் எப்படிம்மா மாத்தறது?" என்றார் வெங்கடகிருஷ்ணன். குரல் உயரவில்லை. ஆனாலும் கறாராக இருந்தது. "நாளைக்கு ஒருத்தன் போன்ல கேட்டா, எங்க மேடத்துக்குத் தெரியும், சொல்ல மாட்டாங்கன்னா சொல்ல முடியும்? நம்ம பேரே நாம பார்த்ததைச் சொல்றோம்கிறதுலதானே இருக்கு."

"பார்த்ததைத்தான் சொல்லப்போறேன் சார்." மஹ்பூபா நோட்டை விரித்தாள். விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது. "சோ போட்ட ஆட்டம் மொத்தம் நாலு. நவம்பர் பதினேழு, இருபத்தி நாலு, டிசம்பர் ஒண்ணு, எட்டு. நாலும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சது, டெக்சாஸ் மணிக்கு. அதே மாசத்துல ஏழு மணிக்கு ஆரம்பிச்ச ஆட்டம் மூணு. அதுல அவ்வளவு சோர்வு இல்ல. டிசம்பர் பதினாறுக்கு அப்புறம் எந்த மணிக்கு ஆடினாலும் சோர்வே இல்ல."

அச்சுதன் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "நாலும் சனிக்கிழமை. சிம்பிள் ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை பார்ட்டிக்குப் போயிருப்பான், சனிக்கிழமை ஹேங்ஓவர்."

"ஜனவரில சனிக்கிழமை வரலையா தம்பி? அதே நாலு மணி ஆட்டத்தை எடுத்துப் பாருங்க."

அவன் தன் கம்ப்யூட்டரில் தட்டினான். ஜனவரிச் சனிக்கிழமைகளில் அந்தப் பையன் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில்தான் அதிகப் புள்ளி போட்டிருந்தான்.

வெங்கடகிருஷ்ணன் அந்த நாலு தேதிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். நவம்பர் பதினேழிலிருந்து டிசம்பர் எட்டு வரை; பதினாறுக்கு அப்புறம் ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து தன் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அங்கே காலண்டர் எதுவும் இல்லை. எதையோ நினைவில் தேடுகிற பார்வை அது.

"மஹ்பூபாம்மா, டிசம்பர் பதினேழு திங்கட்கிழமை. எனக்கு ஒரு சின்ன டப்பா கொண்டு வந்தீங்களே, வேற கரண்டில கிண்டினது. என்னிக்குப் பெருநாள்னு சொன்னீங்க?"

மஹ்பூபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி சரி," என்றார் அவர். "நீங்க சொல்லலை. நானும் கேக்கலை."

"எதை?" என்றான் அச்சுதன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் இருந்த கதவையும், நோன்பு மாதத்தில் மாலை நாலரைக்கு அவள் அங்கே விரித்த சின்ன விரிப்பையும் பார்த்தான். "ஓ" என்றான். பிறகு, "தண்ணிகூடக் குடிக்காமலா? ஒரு சொட்டுக்கூட?" என்றான். அவன் எழுதிய வார்த்தைகள் அவனுக்கே நினைவு வந்திருக்கவேண்டும். காது மடல் சிவந்துபோயிற்று.

மஹ்பூபா இன்னொன்று கேட்டாள். அது அவர்கள் இருவரும் எதிர்பாராதது.

"தம்பி, அந்த ஏழு ஆட்டத்தையும் இப்ப நீங்க பாருங்க. நான் பாக்கக்கூடாது."

"நீங்கதானே ஆன்ட்டி பார்ப்பீங்க?"

"என் கண்ணு அவன் பக்கம் சாஞ்சிடுச்சு. இனிமே அவன் தடுக்கி விழுந்தாக்கூட எனக்கு அழகாத் தெரியும். சாட்சி சொல்றவங்க உறவு பாக்கக்கூடாதுன்னு சின்ன வயசுலயே ஓதிக் குடுத்திருக்காங்க. முன்னாடி அவனுக்குக் குறைச்சு எழுதினேன். இப்ப கூட்டி எழுதினா அதுவும் தப்புதான்."

அச்சுதன் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. டேப்புகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். அவளைப் போலவே சத்தத்தை நிறுத்தினான். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பார்த்தான். மூன்று மணிக்குத் திரும்பி வந்தான்.

"ஆன்ட்டி, ஒண்ணு கவனிச்சீங்களா? டயர்டா இருக்கிற ஆட்டத்துலகூட, பந்து கைவிட்டுப் போனா முதல்ல திரும்பி ஓடறவன் அவன்தான். மத்த நாலு பேரும் நடந்து வராங்க. இவன் விழுந்தடிச்சு ஓடறான். நான் இதை எழுதலாமா, இல்ல என் கண்ணும் சாஞ்சிடுத்தா?"

"என் நோட்டுல 'ஓ' எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. அது நான் ஒண்ணும் தெரியாதப்ப எழுதினது."

எண்ணினான். அவனுடைய எண்ணிக்கையும் அவளுடைய 'ஓ'வும் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் ஒத்துப்போயின. அவள் பிப்ரவரியிலேயே உண்மையையும் பார்த்திருக்கிறாள். 'சோ' என்கிற எழுத்துதான் அதை மறைத்துவிட்டது.

"எழுதுங்க," என்றாள். "இன்னொண்ணும் எழுதுங்க. இடது கைப் பக்கம் அவனுக்குச் சுத்தமா வராது. பெரிய ஆட்டத்துல ஒரே வாரத்துல கண்டுபிடிச்சி, அந்தப் பக்கமே தள்ளி விடுவாங்க."

"அதை விட்டுடலாமே ஆன்ட்டி. பாவம்."

"விடக்கூடாது. அது உண்மை."

புதிய முப்பத்தொன்றாம் பக்கத்தில் நோன்பு என்கிற சொல் இல்லை. நாலு மணி ஆட்டங்கள் ஒரு கட்டத்தில், ஏழு மணி ஆட்டங்கள் ஒரு கட்டத்தில், டிசம்பர் பதினாறுக்குப் பிறகு நடந்தவை ஒரு கட்டத்தில். இடது கை பலவீனம். திரும்பி ஓடுவதில் சிறந்தவன். கடைசியில் வெங்கடகிருஷ்ணனே ஒரு வரி எழுதினார்: 'முதல் மாதத்து நான்கு ஆட்டங்களைத் தனியே வைத்துப் பாருங்கள். காரணத்தை ஊகிக்காமல் பையனிடமே மரியாதையாகக் கேளுங்கள்.' அதற்குக் கீழே இன்னொரு சின்ன வரியாக, 'முந்தைய கணிப்பு எங்கள் பிழை' என்று போடச் சொன்னாள் மஹ்பூபா. "முந்தையதை யாருமே பார்க்கலையேம்மா" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நம்ம ஃபைல்ல மட்டும் எழுதி வச்சுப்போம்" என்று சமாதானப்படுத்தினார்.

பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தார்கள். மஹ்பூபா சுருள் கம்பியை உருவுவாள், அச்சுதன் பழைய பக்கத்தை எடுத்துப் புதியதை வைப்பான், வெங்கடகிருஷ்ணன் மறுபடி கம்பியை மாட்டுவார். அவர் மாட்டியதில் பாதி கோணல். "ரயில்வேக்கு ஆடினப்பவும் சார் இப்படித்தான் பந்து போட்டிருப்பார்" என்றான் அச்சுதன். "டேய், உன் வேலையப் பார்றா" என்றார் அவர். எடுத்த முப்பது பக்கங்களையும் மஹ்பூபா சின்னச் சின்னதாகக் கிழித்தாள். பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டி போதாமல், பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோனாள்.

அடுத்த திங்கட்கிழமை அச்சுதன் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்து, அவள் டெக்குக்கு மேலே மாட்டி, டெக்சாஸ் மணிக்குத் திருப்பி வைத்தான். டேப் லேபிளில் ஒரு கட்டம் புதிதாக வந்தது: ஆட்டம் நடந்த ஊரின் நேரம்.

மே மாதம் ஒரு டீமின் ஆள் போன் செய்தார். வெங்கடகிருஷ்ணன் பேசி முடித்துவிட்டு வந்து, மஹ்பூபாவின் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"டீம்காரா அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கா. நாலு ஆட்டத்தைப் பத்திக் கேட்டாளாம். அப்புறம் அவனே சொல்லிட்டானாம். காலேஜ்ல சேர்ந்த ரெண்டாம் வருஷம் உங்க மார்க்கத்துக்கு மாறினானாம். கோச்சுக்கும் தெரியாதாம். சொன்னா உக்கார வச்சுடுவாரோன்னு பயம்."

மஹ்பூபா கையில் இருந்த பேனாவை மூடினாள். "அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க சார்?"

"அந்த ஆள் என்கிட்ட சொல்றான், தண்ணி குடிக்காம திரும்பி ஓடறவன், குடிச்சா எப்படி ஓடுவான்னு." வெங்கடகிருஷ்ணன் சிரித்தார். "அப்புறம் பையன் ஒண்ணு கேட்டானாம். என்கிட்டயே கேக்கச் சொல்லி எழுதினது யாருன்னு."

"சொல்லிடாதீங்க சார்."

"சொல்லலை. இடது கை வராதுன்னு எழுதினதும் அவாதான்னு மட்டும் சொல்லச் சொன்னேன்."

டிராஃப்ட் நடந்த ஜூன் மாதப் புதன்கிழமை அன்று மஹ்பூபா கடமையில்லாத, தானாக வைக்கிற நஃபில் நோன்பு வைத்திருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை, நஜ்முதீனுக்கு மட்டும் தெரியும், எதற்கு என்றும் அவருக்குத் தெரியும். கோடை நோன்பு, நீளமானது. எட்டரை மணிக்குத் திறந்து, தொழுதுவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள். யார் பேரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. "சாட்சி சொல்லியாச்சு. இனி அல்லாஹ் அவனுக்கு எழுதின ரிஸ்கு அவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நஜ்முதீன்தான் டிவிக்கு முன்னால் இருந்தார்.

காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு அவர் தேநீர் குடிக்க வந்து உட்கார்ந்தார். கோப்பையைக் கையில் வாங்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் வழக்கம். நல்ல செய்தியை ஊதி ஊதிக் குடிப்பார்.

"ரெண்டாவது சுத்துல எடுத்துட்டாங்க," என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் அடுப்பைக் குறைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது ஆவியாலா என்று அவர் கேட்கவில்லை.

"டிவில அவன் ஆடுறதக் கொஞ்சம் காட்டினாங்க. இடது கையால ஒண்ணு போட்டான்."

"உள்ள போச்சா?"

"போவல."

"போவும்," என்றாள். "பழகுவான். எந்தப் பக்கத்து டீமு?"

"மேற்குக் கரை. குபெர்டினோவுல உன் தங்கச்சி தஹ்ஸீன் இருக்கால்ல, அவளுக்கு என்ன மணியோ அதான் அவனுக்கும்."

மஹ்பூபா கரண்டியை வைத்துவிட்டு விரலை மடக்கினாள்.

"அப்ப மூணு மணி நேரம் கழிக்கணும்," என்றாள். "அச்சுதன் தம்பிய இன்னொரு கடிகாரம் வாங்கியாரச் சொல்லணும்."